மாதவிடாய் நிற்கிற வயதில் எடைக்குறைப்பு ஊசி: மௌன்ஜாரோ பற்றி என் மதிப்பீடு

2025 ஜூன் மாதத்திலிருந்து டிர்செபடைடு ஊசி போட்டுக்கொண்டு வருகிறேன். மருந்துக் கடையில் மௌன்ஜாரோ என்று கேட்டால் தருவது இதைத்தான். எனக்கு வயது 49. திருச்சி உறையூரில் வீடு. கூட்டுறவு வங்கியில் காசாளர் வேலை. இந்த ஊசியைப் பற்றித் தமிழில் நான் படித்தவை பெரும்பாலும் சர்க்கரை நோயாளிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை, அல்லது கல்யாணத்துக்கு முன் இளைக்க நினைக்கும் பிள்ளைகளுக்கானவை. மாதவிடாய் முறைதவறி, தூக்கம் கெட்டு, வயிறு மட்டும் முன்னே வந்து நிற்கிற எங்கள் வயதுப் பெண்களுக்கு எழுதப்பட்டது ஒன்றும் என் கண்ணில் படவில்லை. எனவே எழுதுகிறேன்.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்து தன் வேலையைச் செய்வதற்கு ஐந்துக்கு நான்கரை. விலைக்கு ஒன்றரை. இதை எழுதித் தருகிற மருத்துவ சேவைக்கு, நான் முதலில் போன இடத்துக்கு ஒன்று. இப்போது என்னைப் பார்க்கும் இரண்டு மருத்துவர்களுக்கும் முழுதாக ஐந்து. இடத்துக்கு இடம் இவ்வளவு வித்தியாசம் ஏன் என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஊசி பசியை அடக்கும். தசையையும் எலும்பையும் அது காப்பாற்றாது. மாதவிடாய் நிற்கும் சமயத்தில் அவை இரண்டும் தாமாகவே கரையத் தொடங்குகின்றன. அதைக் கவனிக்காமல் ஊசியை மட்டும் கொடுத்து அனுப்புவது அரை வைத்தியம்.

எனக்கு 46 வயது முடிந்ததும் மாதவிடாய் தள்ளித் தள்ளி வர ஆரம்பித்தது. நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிடுகிறது. மேலை நாடுகளில் அது 51. தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. அதற்கு முந்தைய இரண்டு மூன்று வருடங்கள்தான் என்னைப் படுத்தி எடுத்தன. கவுன்ட்டரில் உட்கார்ந்து பணம் எண்ணிக்கொண்டிருப்பேன். கழுத்திலிருந்து அனல் கிளம்பி முகத்துக்கு ஏறும். உள்ளங்கை வியர்த்து நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டும். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அதன்பிறகு தூக்கம் இல்லை.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் எதுவும் செய்யவில்லை. எடை மட்டும் 71-இலிருந்து 84 கிலோவுக்குப் போனது. என் உயரம் 156 சென்டிமீட்டர். முன்பெல்லாம் எடை கூடினால் இடுப்பிலும் தொடையிலும் பரவும். இந்த முறை ஏறியது அத்தனையும் வயிற்றில். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது உடல் கொழுப்பைச் சேர்த்து வைக்கும் இடம் மாறிவிடுகிறது என்றும், குடலையும் ஈரலையும் சுற்றிச் சேரும் அந்தக் கொழுப்புதான் சர்க்கரைக்கும் இதய நோய்க்கும் வழிவகுக்கிறது என்றும் மருத்துவர் விளக்கினார். இந்தியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், எனக்கு 103. ரத்த அழுத்த மாத்திரை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மாத சர்க்கரைச் சராசரி 6.2 என்று வந்தபோது, இனி தள்ளிப்போடக் கூடாது என்று தோன்றியது. என் அம்மா சர்க்கரையால் கால் விரலை இழந்தவர்.

ஊசி எடுத்துக்கொள்வது சோம்பேறித்தனம் என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காலை ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து, பஸ் ஏறி வேலைக்குப் போய், மாலை வந்து மாமியாருக்குப் பணிவிடை செய்து, அதற்கு மேல் காவிரிக் கரையில் நடந்தவள் நான். கொள்ளு ரசம், வெந்தயத் தண்ணீர், இரவு உணவை நிறுத்துவது எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். நான்கு கிலோ இறங்கும்; இரண்டு மாதத்தில் ஐந்தாகத் திரும்பி வரும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுவதை யாரும் சோம்பேறித்தனம் என்று சொல்வதில்லை. இதுவும் அப்படி ஒரு மருந்துதான்.

முதலில் நான் போன கிளினிக்கைப் பற்றி. பெயர் வேண்டாம். எடை பார்த்தார்கள், உயரம் பார்த்தார்கள், சீட்டு எழுதினார்கள். மாதவிடாய் எப்படி இருக்கிறது என்று ஒரு கேள்வி இல்லை. குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் உண்டா, கணையம் வீங்கி ஆஸ்பத்திரியில் படுத்ததுண்டா, பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று கேட்கவில்லை. தைராய்டில் மெடுல்லரி வகைப் புற்றுநோய் தனக்கோ நெருங்கிய ரத்த உறவுக்கோ இருந்தால் இந்த மருந்தைத் தொடவே கூடாது. அது மருந்தோடு வரும் தாளிலேயே அச்சிட்டிருக்கிறது. அந்தச் சீட்டோடு மருந்துக் கடைக்குப் போக எனக்கு மனம் ஒப்பவில்லை. தெரிந்தவர் ஒருவர் மூலம் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் ஒருவரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வியே கடைசி மாதவிடாய் எப்போது என்பதுதான்.

கேட்டதோடு நிற்கவில்லை. தைராய்டு, வைட்டமின் டி, ஈரல், சிறுநீரகம், கொழுப்பு எல்லாவற்றுக்கும் ரத்தப் பரிசோதனை. எலும்பு அடர்த்தி பார்க்க டெக்ஸா ஸ்கேன். பித்தப்பைக்கு வயிற்று ஸ்கேன். என் மகப்பேறு மருத்துவருக்கு அவரே தொலைபேசியில் பேசினார். அந்த ஒரு அழைப்புக்காகவே அவருக்கு ஐந்து மதிப்பெண். என் எலும்பு அப்போதே இயல்பு அளவைவிடச் சற்றுக் குறைந்திருந்தது. வைட்டமின் டி மிகவும் கீழே. இந்த நிலையில் தசையையும் சேர்த்து இளைக்க வைத்தால் அறுபது வயதில் இடுப்பு எலும்பு முறிந்து படுக்க வேண்டியிருக்கும் என்று நேராகவே சொன்னார்.

இந்தியாவில் இந்த ஊசி 2025 மார்ச்சில் விற்பனைக்கு வந்தது. எடைக்காக எடுத்துக்கொள்வதென்றால் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு, 30 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ரத்த அழுத்தம் போன்ற தொந்தரவு கூட இருந்தால் 27 போதும். எனக்கு 34 தாண்டியிருந்தது. குடலில் இயற்கையாகச் சுரக்கும் ஜிஎல்பி-1, ஜிஐபி என்ற இரண்டு ஹார்மோன்களின் வேலையை இந்த ஒரே மருந்து செய்கிறது. வயிறு மெதுவாகக் காலியாகும்; போதும் என்ற உணர்வு மூளைக்குச் சீக்கிரம் போய்ச் சேரும். வெகோவி என்று வருகிற செமாக்ளூடைடு ஜிஎல்பி-1 வேலையை மட்டும் செய்வது. ஆய்வுகளில் செமாக்ளூடைடு 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடையைக் குறைத்தது. டிர்செபடைடின் உச்ச அளவு 72 வாரத்தில் 20 சதவீதத்தைத் தாண்டியது.

எங்கள் வயதுக்கு இது வேலை செய்யுமா என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. டிர்செபடைடு ஆய்வில் இருந்த பெண்களை மாதவிடாய் நிலையை வைத்துப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறவர்களுக்குச் சுமார் 26 சதவீத எடை இறங்கியது. நிற்கும் கட்டத்தில் இருப்பவர்களுக்கும் நின்றுபோனவர்களுக்கும் சுமார் 23 சதவீதம். கொஞ்சம் குறைவுதான், ஆனால் கைவிடும்படியான வித்தியாசம் இல்லை. இந்த எண்ணை என் மருத்துவர் காட்டியபோது எனக்கு அழுகை வந்தது. எங்கள் வயதுக்கு மேல் உடம்பு எதற்கும் மசியாது என்று எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன்!

தொடங்கியபோது குப்பியாகத்தான் கிடைத்தது. வாரத்துக்கு ஒரு குப்பி, 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375 ரூபாய். சிரிஞ்சில் அரை மில்லி உறிஞ்சி நாமே போட்டுக்கொள்ள வேண்டும். காற்றுக் குமிழி இல்லாமல் உறிஞ்சுவதற்கு முதல் மாதம் என் மகள்தான் உதவினாள். செவிலியர் படிப்பில் இருக்கிறாள். ஆகஸ்ட்டில் பேனா வடிவ ஊசி வந்தது. ஒரு பேனாவில் நான்கு வாரத்துக்கான மருந்து. மாத விலையில் அப்போது மாற்றம் இல்லை: 2.5-க்கு 14,000, 5-க்கு 17,500. அதற்கு மேலான அளவுகள் இன்னும் விலை கூடியவை.

பேனா வசதியானது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிடுவேன். சில்லென்று இறங்கினால் எரிகிறது. புது ஊசிமுனையைத் திருகி மாட்டி, பேனாவின் மறுமுனையில் உள்ள திருகு குமிழை இரண்டு ‘கிளிக்’ சத்தம் வரும் வரை திருப்ப வேண்டும். முனையை மேல்நோக்கிப் பிடித்து அழுத்தினால் நுனியில் ஒரு துளி தெரியும். வழி அடைபடாமல் இருக்கிறது என்று பொருள். பிறகு குமிழை நிற்கும் வரை திருப்பினால் சின்னச் சன்னலில் 1 என்று வரும். தொப்புளிலிருந்து நான்கு விரல் தள்ளி, வாரம் ஒரு பக்கமாக இடம் மாற்றிக் குத்தி, அழுத்தி, நிதானமாக ஐந்து எண்ணிவிட்டு எடுக்கிறேன். கொசு கடித்த அளவுகூட வலி இல்லை. நான்கு வாரம் முடிந்த பிறகும் பேனாவுக்குள் கொஞ்சம் மருந்து மிச்சம் தெரியும். பணத்தைப் பார்த்தால் மனம் அடித்துக்கொள்ளும். ஆனாலும் அதைப் போட்டுக்கொள்ளக் கூடாது. முதல் துளி பார்ப்பதற்காகக் கூடுதலாக வைத்திருப்பது அது. சரியான அளவு அதில் இருக்காது.

வெயில் ஊர்க்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும்; பேனாவை வெளியே வைத்தாலும் 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, அதுவும் 30 நாள்தான். திருச்சியில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை எந்த வீட்டு அறை 30 டிகிரிக்குக் கீழே இருக்கிறது? எனவே வெளியே வைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. குளிர்பெட்டியின் கதவில் வைக்காமல் நடுத்தட்டில், உறைபெட்டியை ஒட்டாமல் வைக்கிறேன். உறைந்துவிட்டால் மருந்து வீண். ஒரு கடையில் இதைச் சாதாரண பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். பனிக்கட்டிப் பை கேட்டதற்கு இல்லை என்றார்கள். பதினான்காயிரம் ரூபாய் மருந்தை அப்படி நீட்டுவது எனக்குக் கோபம் வரவழைத்தது. வாங்காமல் வந்துவிட்டேன். இப்போது வாங்கும் கடையில் நுரைப்பெட்டிக்குள் குளிர்பையோடு தருகிறார்கள், பில்லில் தொகுதி எண் போடுகிறார்கள். மருத்துவர் சீட்டும் பில்லும் இல்லாமல், பாதி விலைக்குத் தருகிறேன் என்று வருகிறவர்களிடம் வாங்கவே வாங்காதீர்கள். போலி செமாக்ளூடைடு ஊசிகள் பற்றி உலக சுகாதார நிறுவனமே 2024-இல் எச்சரிக்கை விடுத்தது.

இனி, போட்ட பிறகு நடந்தவை.

எங்கள் வங்கியில் பதினொரு மணிக்கு டீயும் வடையும் வரும். பத்தரைக்கே என் நினைப்பு அங்கே போய்விடும். எத்தனை பேர் வரிசையில் நின்றாலும் மனத்தில் ஒரு ஓரம் வடைக்காகக் காத்திருக்கும். இரண்டாவது வாரத்தில் ஒருநாள் தட்டு வந்தது, என்னைக் கடந்து போனது, நான் நோட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். சாயங்காலம்தான் அது நினைவுக்கு வந்தது. இத்தனை வருடமாக என்னோடு இருந்த அந்த நச்சரிப்பு நின்றிருந்தது. மனத்தைக் கட்டுப்படுத்தவில்லை, கட்டுப்படுத்த ஒன்றுமே இல்லை. இந்த மருந்தின் முழு மதிப்பும் எனக்கு இதுதான். எடை இறங்கியது அதன் பின்விளைவு.

தொந்தரவுகளும் உண்டு. முதல் நான்கு வாரம் 2.5, பெரிதாக ஒன்றும் இல்லை. 5-க்கு ஏறியபோது குமட்டல். சனிக்கிழமை இரவு போட்டுக்கொண்டால் ஞாயிறு முழுக்க வாய் நீர் ஊறும். எண்ணெய் காயும் வாசனையே ஆகாது. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் வேலைக்குப் பாதகம் இல்லை. ஏப்பம், அதிலும் அழுகிய முட்டை நாற்றத்தோடு. பூரியும் பொரித்த கறியும் நிறுத்தியதும் குறைந்தது. மலச்சிக்கல்தான் நிலையான துணை. இசப்கோல் உமி, கொய்யா, நிறையத் தண்ணீர் என்று ஓட்டுகிறேன். பசி இல்லாதபோது தாகமும் தெரிவதில்லை. குடத்தில் அளந்து வைத்துக் குடிக்கும்படி மகள் ஏற்பாடு செய்தாள். மேல் வயிற்றில் விடாத கடும் வலி வந்து முதுகுக்குப் பாய்ந்தால் ஊசியை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று மருத்துவர் எழுதியே கொடுத்திருக்கிறார். கணையமோ பித்தப்பையோ பாதிக்கப்பட்டதன் அறிகுறியாக இருக்கலாம்.

முடி கொட்டியது. நான்காவது மாதத்தில் சீப்பு நிறைய வந்தது. மாதவிடாய் நிற்கும் வயதில் ஏற்கெனவே வகிடு அகன்றுகொண்டிருக்கும் நேரத்தில் இது மனத்தை மிகவும் வாட்டியது. எடை வேகமாக இறங்கும்போது இப்படி நடக்கும். ஆய்வுகளில் பெண்களில் சுமார் 7 சதவீதம் பேருக்கு முடி உதிர்ந்திருக்கிறது. ஆண்களுக்கு மிகக் குறைவு. இரும்புச் சத்தைப் பார்த்து மாத்திரை கொடுத்தார்கள். இப்போது உதிர்வது குறைந்து நெற்றியோரம் குட்டி முடிகள் முளைத்திருக்கின்றன.

தீபாவளிக்கு வந்த நாத்தனார் என்னைப் பார்த்ததும், “அண்ணி, கன்னம் ஒட்டிப்போய்விட்டதே, சர்க்கரை வந்துவிட்டதா?” என்று பதறினாள். நம் ஊரில் இளைத்தவரைப் பார்த்தால் நோய்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஊசி போட்டுக்கொள்கிறேன் என்று மறைக்காமல் சொன்னேன். அவளுக்கும் 47 வயது. அன்று இரவு பலகாரம் எடுத்து வைத்துக்கொண்டே தன் வயிற்றையும் தூக்கமில்லாத இரவுகளையும் பற்றிக் கொட்டித் தீர்த்தாள். மறைத்திருந்தால் அந்தப் பேச்சு நடந்திருக்காது.

தசை விஷயத்துக்கு வருகிறேன். என்னை அதிகம் உழைக்க வைத்தது இதுதான். டிர்செபடைடு ஆய்வில் உடல் அமைப்பை ஸ்கேன் செய்து பார்த்தபோது, இறங்கிய எடையில் முக்கால் பங்கு கொழுப்பு, கால் பங்கு கொழுப்பல்லாத திசு; தசையும் அதில் அடக்கம். அதாவது பத்து கிலோ இறங்கினால் இரண்டரை கிலோ இழக்கக் கூடாத இடத்திலிருந்து போயிருக்கலாம். முப்பது வயதுப் பெண் அதை மீட்டுவிடுவாள். ஈஸ்ட்ரோஜன் துணை போன பிறகு நமக்கு அது எளிதில் திரும்புவதில்லை. பசியே இல்லாதபோது இரண்டு இட்லியோடு எழுந்துவிடத் தோன்றும். அந்த இரண்டு இட்லியில் உடம்புக்குத் தேவையான புரதம் எங்கே இருக்கிறது?

மருத்துவர் கொடுத்த கணக்கு நாளுக்கு 70 கிராம் புரதம். கேட்டபோது மலைப்பாக இருந்தது. சோறு, குழம்பு, பொரியல் என்ற நம் தட்டில் அதில் பாதி தேறினாலே பெரிது. இப்போது காலையில் இரண்டு முட்டை, அதில் 12 கிராம் வந்துவிடும். கூடவே பாசிப்பயறு அடை. மதியம் தட்டில் முதலில் மீனையோ கோழியையோ சாப்பிட்டுவிட்டு, பிறகு காய், கடைசியில் இடமிருந்தால் ஒரு கைப்பிடி சோறு. இந்த வரிசை முக்கியம். சோற்றில் தொடங்கினால் வயிறு அங்கேயே நிரம்பிவிடும். உறையூர் மீன் மார்க்கெட்டில் வாரம் இருமுறை சங்கரா அல்லது நெத்திலி வாங்குகிறேன். மாலையில் சுண்டல், இரவில் நூறு கிராம் பன்னீர் அல்லது கெட்டித் தயிர். அசைவம் தொடாதவர்கள் பருப்பை நம்பி மட்டும் இந்த அளவை எட்டுவது கடினம். சோயாவும் பன்னீரும் தேவைப்படும், சிலருக்குப் புரதப் பொடியும். வயிறு கல்லுப்போல் கனக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மோரும் முட்டையும்தான்.

நடை மட்டும் போதாது என்றார்கள். தசைக்குச் சுமை வேண்டும். வயலூர் சாலையில் பெண்களுக்கான உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில் சேர்ந்தேன். சேலை கட்டியே பழகியவளுக்கு முதல் நாள் டி-ஷர்ட்டில் கண்ணாடி முன் நிற்கக் கூச்சமாக இருந்தது. பயிற்சி கொடுக்கும் பெண் என்னை “அம்மா” என்றுதான் கூப்பிடுவாள், ஆனால் எடையைக் குறைத்துத் தர மாட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் தொடங்கினேன். இப்போது பத்துக் கிலோ இரும்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுகிறேன். ஐந்து லிட்டர் குக்கரை மேல் பரணிலிருந்து ஒற்றைக் கையால் இறக்கினேன். என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஹார்மோன் பகுதி. ஊசி என் உடல் அனலை நிறுத்தவில்லை. அது அதன் வேலையும் அல்ல. இதைத் தெளிவாகத் தெரிந்துகொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் ஏமாற்றம்தான். எடை இறங்கிய பிறகு வியர்வை சற்றுத் தணிந்ததுபோல் இருந்தது, தூக்கம் மட்டும் வரவில்லை. மார்பகப் பரிசோதனையும் மற்றவையும் சரியாக இருந்ததால் மகப்பேறு மருத்துவர் ஈஸ்ட்ரோஜன் ஜெல் எழுதினார். கையில் தடவிக்கொள்வது. கர்ப்பப்பை இருப்பதால் அதைப் பாதுகாக்க இரவில் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் கேப்சூலும் உண்டு. மாத்திரை வேண்டாம், ஜெல்லே நல்லது என்று அவர் சொன்னதற்கு இந்த ஊசியும் ஒரு காரணம்: வயிறு மெதுவாகக் காலியாவதால் வாய்வழி மருந்துகள் உடலில் சேர்வதில் மாற்றம் வரும். புரோஜெஸ்டிரோன் வாய்வழியே போவதால், எதிர்பாராமல் ரத்தப்போக்கு வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்றார். ஜெல் தொடங்கிய சில வாரங்களில் இரவு இரண்டு மணி விழிப்பு போய்விட்டது.

அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2024-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மாதவிடாய் நின்ற பெண்களில் ஹார்மோன் சிகிச்சையும் செமாக்ளூடைடும் சேர்த்து எடுத்தவர்களுக்கு ஓராண்டில் 16 சதவீத எடை இறங்கியது. ஹார்மோன் இல்லாதவர்களுக்கு 12 சதவீதம். சின்ன ஆய்வு, 106 பேர்தான். ஹார்மோன் எடுத்தவர்கள் அதிலும் சிறு குழு. ஹார்மோன்தான் எடையைக் குறைத்தது என்று சொல்லிவிட முடியாது. நன்றாகத் தூங்குகிறவளுக்கு உடற்பயிற்சி செய்யத் தெம்பு இருக்கும் என்பதாகவும் இருக்கலாம். என் அனுபவம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

மாதவிடாய் இன்னும் எப்போதாவது வருகிற பெண்களுக்கு முக்கியமான ஒன்று. கரு உண்டாகும் வாய்ப்பு முற்றிலும் போய்விடவில்லை. கருத்தடை மாத்திரையை நம்பியிருப்பவர்களுக்கு டிர்செபடைடு அதன் பலனைக் குறைக்கலாம். தொடங்கும்போது நான்கு வாரமும், ஒவ்வொரு முறை அளவு கூட்டும்போது நான்கு வாரமும் ஆணுறை போன்ற வேறு வழி வேண்டும் என்பது மருந்துத் தாளிலேயே உள்ள அறிவுரை. 47, 48 வயதுப் பெண்ணிடம் இதைப் பேச மருத்துவர்கள் தயங்குகிறார்கள். நாமே கேட்டுவிட வேண்டும்.

இப்போது என் எடை 73. இடுப்பு 91 சென்டிமீட்டர். மூன்று மாத சர்க்கரைச் சராசரி 5.6. ரத்த அழுத்த மாத்திரையைப் பாதியாக்கியிருக்கிறார்கள். படி ஏறும்போது முழங்கால் முனகுவதில்லை. தாலிக்கொடி கழுத்தில் தளர்ந்து தொங்குகிறது. அண்மையில் எடுத்த டெக்ஸாவில் எலும்பு அடர்த்தி குறையாமல் அப்படியே நிற்கிறது. எடைக் கருவி காட்டிய எண்ணைவிட எனக்கு அதிக மகிழ்ச்சி கொடுத்த காகிதம் அது.

விலைக்கு ஒன்றரை மதிப்பெண் கொடுத்ததைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்ட்டில் இருந்த மாதம் 17,500 விலைக்கு ஆண்டுச் செலவு இரண்டு லட்சத்தைத் தாண்டியது. எங்கள் மருத்துவக் காப்பீடு ஒரு பைசா தராது என்று எழுத்தில் பதில் வந்தது. மகளுக்கு நகை வாங்க வைத்திருந்த சீட்டுப் பணத்தில்தான் முதல் ஆறு மாதம் ஓடியது; அவளே எடுத்துக்கொள் என்றாள். அம்மாவின் விரலுக்கும் அதன்பின் அவர் படுத்த வருடங்களுக்கும் ஆன செலவைக் கூட்டிப் பார்த்து, இது தேவலாம் என்று என் வீட்டுக்காரரும் ஒப்புக்கொண்டார். எல்லா வீட்டிலும் இப்படி எடுத்துக் கொடுக்கச் சீட்டு இருக்காது. எங்கள் வங்கியில் தரை துடைக்கிற அக்காவுக்கு என்னைவிட அதிக எடை, என்னைவிட மோசமான சர்க்கரை. அவரிடம் இந்த ஊசியைப் பற்றிப் பேசவே எனக்கு வாய் வரவில்லை. அரசு மருத்துவமனைகளில் தகுதியானவர்களுக்கு இது கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எத்தனை நாளைக்குப் போட வேண்டும் என்பதுதான் எல்லாரும் கேட்கிற கேள்வி. நிறுத்தினால் பசி திரும்பும், எடையும் திரும்பும். 36 வாரம் டிர்செபடைடு போட்டுவிட்டு நிறுத்தியவர்கள் அடுத்த ஓராண்டில் சராசரியாக 14 சதவீதம் திரும்ப ஏறினார்கள். தொடர்ந்தவர்கள் இன்னும் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கினார்கள். திரும்பி வரும்போது பெரும்பாலும் கொழுப்பாக வரும், போன தசை வராது என்பதே எங்கள் வயதுக்கு இதில் உள்ள ஆபத்து. இரண்டு மாதம் போட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணத்தோடு இறங்குகிறவர்கள் இறங்காமல் இருப்பதே நல்லது.

நான் 7.5 வரை போய்விட்டு, குமட்டலும் செலவும் கூடியதால் 5-க்கே திரும்பிவிட்டேன். எடை இப்போது மெதுவாகத்தான் இறங்குகிறது. மருத்துவருக்கு அதில் திருப்தி. இந்தியாவில் செமாக்ளூடைடின் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான். பல இந்திய நிறுவனங்கள் அதைத் தயாரிக்க முன்வந்திருக்கின்றன. விலை நன்றாக இறங்கினால் அதற்கு மாறலாமா என்று அடுத்த முறை பேசுவதாக இருக்கிறோம். நாத்தனாருக்கு அதே மருத்துவரிடம் நேரம் வாங்கியாகிவிட்டது. டெக்ஸாவை முதலில் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.